கசிந்தால் ஒத்திகை உண்டு... வராமல் போனால்?

சமையல் எரிவாயு ஒரு வாரம் நின்றால் சென்னைப் புறநகரான அஸ்தினாபுரம் என்ன செய்யும்? ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடலாமே!

எரிவாயு நிரப்பும் ஆலைகளில் அவ்வப்போது அபாயச் சங்கு ஊதும். ஏதோ ஒரு குழாயில் கசிவு என்று வைத்துக்கொண்டு ஊழியர்கள் ஓடுவார்கள். தண்ணீர் பீய்ச்சப்படும். காயம்பட்டவராகப் படுத்திருப்பவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவார்கள். ஓர் அதிகாரி ஓரமாக நின்று எத்தனை நிமிடத்தில் எது நடந்தது என்று குறித்துக்கொள்வார். 1984இல் போபால் கற்றுக்கொடுத்த பாடத்தின் விளைவு இது. 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள்படி ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தியாக வேண்டும். ஆலைக்கு வெளியே ஊர் மக்களுக்கான திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

எரிவாயு வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாடு இது. வர வேண்டிய எரிவாயு வராமலே போனால்? அதற்கு ஒத்திகை நடத்தச் சொல்லி இந்த விதிகளில் ஒரு வரியும் இல்லை. கசிவைச் சொல்ல 1906 என்ற அவசர எண் எல்லோர் கைப்பேசியிலும் இருக்க வேண்டும் என்கிறார்கள். தட்டுப்பாட்டைச் சொல்ல அப்படி ஓர் அவசர எண் இல்லை. ஏஜென்சியின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, ராஜேந்திர பிரசாத் சாலை வழியாகக் கிழக்கே வந்தால் அஸ்தினாபுரம். ஒரு தலைமுறைக்கு முன் தனி வீடும் கிணறும் தென்னை மரமுமாக இருந்த மனைகளில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்புகள். ஓய்வு பெற்றவர்களின் சொந்த வீடு, வேலைக்குப் போகும் தம்பதியின் வாடகை ஃபிளாட், நான்கு பேர் சேர்ந்து தங்கும் பேச்சிலர் அறை, கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகை எல்லாமே ஒரே தெருவில் உண்டு. குழாய் வழி எரிவாயு சென்னையைச் சுற்றி மெல்லப் பரவி வந்தாலும், இந்தப் பக்கத்து அடுப்புகள் பெரும்பாலும் சிலிண்டரை நம்பியே எரிகின்றன. ஆகவே, தட்டுப்பாடு வந்தால் ஒரு புறநகர் எப்படித் தாங்கும் என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் தேட வேண்டியதில்லை.

கப்பலிலிருந்து மாடிப்படி வரை

2024-25இல் இந்தியா எரித்த எல்.பி.ஜி. சுமார் 3.1 கோடி டன். இதில் 60 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. அந்த இறக்குமதியிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் வளைகுடா நாடுகளில் கப்பலேறி, ஹார்முஸ் நீரிணை என்ற ஒற்றை வாசல் வழியாக வந்தது. 2025 நவம்பரில் அமெரிக்காவிடமிருந்து 2026ஆம் ஆண்டுக்கு 22 லட்சம் டன் வாங்க எண்ணெய் நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. அது மொத்த இறக்குமதியில் பத்தில் ஒரு பங்குதான்.

கப்பலில் வருவது எண்ணூர் போன்ற துறைமுகத் தொட்டிகளில் இறங்குகிறது. அங்கிருந்து புல்லட் டேங்கர் லாரிகளில் ஏறி, செங்கல்பட்டு போன்ற இடங்களில் உள்ள பாட்டிலிங் ஆலைகளுக்குப் போகிறது. 14.2 கிலோ சிவப்பு சிலிண்டராக அடைபட்டு, லாரியில் அடுக்கப்பட்டு, ஏஜென்சி குடோனுக்கு வருகிறது. பிறகு மூன்று சக்கர வண்டி. அதன் பிறகு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், சிலிண்டர் போடுபவரின் தோள். கையில் ஓ.டி.பி. எண்ணை வைத்துக்கொண்டு கதவைத் திறக்கும் நமக்குக் கண்ணில் படுவது இந்தக் கடைசி ஆள் மட்டுமே. அவருக்கு முன்னால் கப்பல், தொட்டி, டேங்கர், ஆலை, லாரி, குடோன் என்று ஆறு கைகள் இருக்கின்றன. எந்தக் கை நின்றாலும் அடுப்பு நிற்கும்.

இந்தப் பாதையில் எங்கே எவ்வளவு இருப்பு இருக்கிறது? கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களில் 53.3 லட்சம் டன் கொள்ளளவுள்ள அவசரக் கிடங்குகளைப் பாறைக்குள் குடைந்து வைத்திருக்கிறது அரசு. எல்.பி.ஜி.க்கு அந்த அளவில் எதுவும் கிடையாது. நிலத்தடிக் குகைகள் இரண்டு: விசாகப்பட்டினத்தில் 60,000 டன், 2025இல் பயன்பாட்டுக்கு வந்த மங்களூருவில் 80,000 டன். இரண்டும் நிரம்பி இருந்தாலும் 1.4 லட்சம் டன். நாடு ஒரு நாளைக்கு எரிப்பது சராசரியாக 85,000 டன் என்பதால், இந்த இரண்டு குகைகளும் சேர்ந்து இரண்டு நாள்கூடத் தாங்காது. துறைமுகத் தொட்டிகளிலும் ஆலைகளிலும் இருப்பு உண்டு என்றாலும், அது தினமும் வந்து தினமும் போகும் சரக்கு. ஆபத்துக்கு என்று பூட்டி வைத்தது இல்லை.

உண்மையான கிடங்கு எது?

இனி அஸ்தினாபுரத்துக்கு வருவோம். ஒரு நகர்ப்புற ஏஜென்சியின் குடோன் 8,000 கிலோ கொள்ளளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 563 சிலிண்டர்கள் நிற்கும். அந்த ஏஜென்சிக்கு 10,000 இணைப்புகள் இருந்து, ஒவ்வொரு வீடும் 45 நாளுக்கு ஒரு சிலிண்டர் வாங்கினால், நாளொன்றுக்குத் தேவை 222. லாரி வராவிட்டால் குடோன் இரண்டரை நாளில் காலி.

அப்படியானால் ஊர் இரண்டரை நாளில் பட்டினி கிடக்குமா? கிடக்காது. காரணம், பெரிய கிடங்கு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் 10,000 வீடுகளில் பாதி வீடுகளில் மாற்று சிலிண்டர் நிரம்பி நின்றால் அதுவே 5,000 சிலிண்டர். குடோனில் இருப்பதைப் போல ஒன்பது மடங்கு. கேஸ் அடுப்பு மேடைக்குக் கீழேயும் பால்கனி மூலையிலும் நிற்கும் அந்த இரண்டாவது சிலிண்டர்தான் தமிழகப் புறநகர்களின் உண்மையான எரிவாயு இருப்பு. எந்த அரசுக் கணக்கிலும் ஏறாத இருப்பு.

இதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, இந்த இருப்பு எல்லோரிடமும் இல்லை. ஒற்றை சிலிண்டர் வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும் வாடகை வீட்டுக்காரர், புதிதாகக் குடும்பம் தொடங்கியவர், உஜ்வாலா திட்டத்தில் இணைப்பு பெற்றவர். முகவரிச் சான்று இல்லாமல் 5 கிலோ சின்ன சிலிண்டரில் சமைக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் நிலை இன்னும் மோசம். குடோன் காலியான மறுநாளே இவர்கள் அடுப்பு அணையத் தொடங்கும். சொந்த வீட்டுக்காரருக்கு அந்தச் செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் உறைக்கும். ஒரே தெருவில் இரண்டு விதமான தட்டுப்பாடு.

இரண்டாவது சிக்கல், பயம். சாதாரண நாளில் மாற்று சிலிண்டரை மாட்டிய பிறகே அடுத்ததற்கு புக் செய்கிறோம். தட்டுப்பாடு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்துவிட்டால், பாதி தீர்ந்தவரும் புக் செய்வார், கால்வாசி தீர்ந்தவரும் புக் செய்வார். ஒரு மாதத்தில் வர வேண்டிய பதிவு ஒரே வாரத்தில் வந்து குவியும். அந்த வரிசையில் அடுப்பே எரியாத வீடும், பதறிப்போய்ப் பதிந்த வீடும் ஒன்றாக நிற்கும். எந்த வீட்டுக்கு முதலில் போடுவது என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

எச்சரிக்கை மணிகள்

இது வெறும் கற்பனை பயம் என்று தள்ளிவிட முடியாது. இந்தப் பகுதி மணியோசையைப் பலமுறை கேட்டிருக்கிறது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்துத் தாம்பரத்தில் கொட்டியது 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. விமான நிலையம் மூடப்பட்டது. பால் பாக்கெட்டுக்கு 100 ரூபாய் கேட்ட நாட்கள் அவை. செங்கல்பட்டிலிருந்து வரும் சிலிண்டர் லாரிக்கும் சென்னையிலிருந்து போகும் பேருந்துக்கும் ஜி.எஸ்.டி. சாலைதான் உயிர்நாடி என்பதை அந்த வாரம் காட்டியது. மழை வந்தால் சாலையும் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஒன்றாகவே படுத்துவிடும் என்பதையும் காட்டியது. அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12இல், வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்து அதே பாடத்தை மறுபடியும் நடத்தியது.

2025 மார்ச் 27இல் வந்தது வேறு வகை மணி. நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எல்.பி.ஜி. டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம், எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மூன்று அச்சு லாரிகளுக்கு முன்னுரிமை, அபராத விதிகள் என்று அவர்களுக்கு நியாயமான மனக்குறைகள் இருந்தன. தமிழகம் மட்டுமின்றிக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி வரை நாமக்கல் டேங்கர்களே ஓடுகின்றன. ஒரு மாவட்டத்து லாரிகள் நின்றால் தென்னிந்தியாவே சமையலறையைத் திரும்பிப் பார்க்க வேண்டிய நிலை. கையிருப்பு போதுமானது என்று எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்தன. மார்ச் 30இல் வேலைநிறுத்தம் முடிந்தது. வீடுகள் உணர்வதற்குள் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால், ஏழு நாள், பத்து நாள் நீடித்திருந்தால் எது முதலில் உடைந்திருக்கும் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டிவிட்டோம்.

அதே ஆண்டு ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் மோதின. ஜூன் 22இல் ஹார்முஸ் நீரிணையை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. ஜூன் 24இல் போர்நிறுத்தம் வந்தது. தெஹ்ரானில் எடுக்கப்படும் ஒரு முடிவு, சில வாரங்களில் அஸ்தினாபுரத்து இட்லிக் கொப்பரை வரை வந்து தட்டும் என்பதை அந்த இரண்டு நாள் இடைவெளி சொன்னது.

ஒரு மணி உள்ளூர் வெள்ளம். இன்னொன்று தென்மாநிலங்கள் அளவிலான போக்குவரத்து நிறுத்தம். மூன்றாவது உலகச் சந்தை. மூன்றுக்கும் மருந்து வேறு. வெள்ளம் நான்கைந்து நாளில் வடியும், ஆனால் மின்சாரத்தையும் கூடவே பறிக்கும். வேலைநிறுத்தத்தில் மின்சாரம் இருக்கும், சரக்கு மட்டும் வராது. கடல்வழி அடைபட்டால் எப்போது தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே திட்டத்தை மூன்றுக்கும் போர்த்த முடியாது என்பதால்தான் ஒத்திகையும் தேவைப்படுகிறது.

கொழும்பு தந்த பாடம்

சோதிக்காமலே பரீட்சைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2021 அக்டோபரில் இலங்கை அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும், லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாயிலிருந்து 2,750 ரூபாய்க்குத் தாவியது. அந்த ஆண்டின் இறுதியில் வீடுகளில் அடுத்தடுத்து எரிவாயு வெடிப்புகள் நடந்து, புரொப்பேன்-பியூட்டேன் கலவை விகிதம் பற்றிய சர்ச்சையில் விநியோகமே ஆட்டம் கண்டது. டாலர் கையிருப்பு வற்றியதும் கப்பலில் வந்த சரக்கை இறக்கவே பணமில்லை. 2022 ஏப்ரலில் விலை 4,860 ரூபாய். மார்ச்சிலேயே சுமார் 1,000 பேக்கரிகள் எரிவாயு இல்லாமல் மூடிக்கிடப்பதாக அவற்றின் சங்கம் சொன்னது. வெற்று சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி, மக்கள் இரவெல்லாம் தெருவில் காத்திருந்தார்கள். இன்று சரக்கு இல்லை, வரிசையில் நிற்க வேண்டாம் என்று நிறுவனமே திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டி வந்தது.

அந்த நாட்களில் கிராமம் விறகுக்குத் திரும்பிக்கொண்டது. கொழும்பின் அடுக்குமாடிகளால் அது முடியவில்லை. எட்டாவது மாடியில் விறகடுப்பு மூட்ட இடமும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. மின் அடுப்பைப் போடலாம் என்றால் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. நகரமாக நகரமாக, சமையலுக்கான மாற்று வழிகள் குறைந்துகொண்டே போகின்றன. மனைகள் ஃபிளாட் ஆகிக்கொண்டிருக்கும் அஸ்தினாபுரம் உற்றுக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

கொழும்பு இன்னொன்றும் சொல்லித் தந்தது. சரக்கு கொஞ்சம் வந்தபோது மருத்துவமனை, தகனக்கூடம் என்று பட்டியலிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. எரிவாயு என்றதும் சமையல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. நம் ஊர்களிலும் பல எரிவாயு தகன மேடைகள் இதே எல்.பி.ஜி.யில்தான் இயங்குகின்றன. அவை நம் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன?

நான்கு ஆண்டு முன்பே நடந்த நாடகம்

தட்டுப்பாட்டுக்கு ஒத்திகை பார்ப்பது வேண்டாத வேலை என்று நினைப்பவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். 2018 நவம்பர் 28, 29 தேதிகளில் அந்த நாடு ‘லூகெக்ஸ்’ என்ற தேசிய நெருக்கடிப் பயிற்சியை நடத்தியது. எடுத்துக்கொண்ட கற்பனை: கடுங்குளிர் நீடிக்கிறது, தெற்கு ஜெர்மனியில் எரிவாயு போதவில்லை. மத்திய அரசு, மாநில அரசுகள், எரிவாயு நிறுவனங்கள் எல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து, யாருக்கு நிறுத்துவது, யார் அறிவிப்பது, மருத்துவமனை என்ன செய்யும் என்று ஆடிப் பார்த்தன. நான்கே ஆண்டுகளில் நாடகம் நிஜமானது. 2022 ஜூனில் ரஷ்யா குழாயைத் திருகியது. ஜூன் 23இல் ஜெர்மனி இரண்டாம் கட்ட எச்சரிக்கையை அறிவித்தது. மூன்றாம் கட்டமான அவசரநிலைக்கு, அரசே எரிவாயுவைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிலைக்கு, போகாமலே அந்தக் குளிர்காலத்தைக் கடந்தது. புதிதாக வாங்கிய சரக்கு, சிக்கனம், மிதமான குளிர் எல்லாம் சேர்ந்த பலன் அது. ஒத்திகை மட்டுமே காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. ஆனால், யார் யாருடன் பேச வேண்டும் என்பதை நெருக்கடி வந்த பிறகு தேட வேண்டியிருக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிமுறை, ஒவ்வொரு நாடும் அவசரத் திட்டம் வைத்திருக்க வேண்டும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இடையில் ஒருமுறையாவது அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது. திட்டத்தை எழுதி அலமாரியில் வைத்தால் போதாது என்பது அதன் சாரம்.

ஒத்திகை இல்லாத இடத்தில் விபத்தே ஆசிரியர். 1998 செப்டம்பர் 25இல் ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலை வெடித்து இருவர் இறந்தனர். மெல்பர்ன் உள்ளிட்ட விக்டோரியா மாநிலம் முழுவதும் அந்த ஓர் ஆலையையே நம்பியிருந்தது. 14 லட்சம் வீடுகள் ஏறக்குறைய மூன்று வாரம் வெந்நீருக்கும் சமையலுக்கும் வழியில்லாமல் தவித்தன. ஒற்றை வாசலை நம்பும் ஊர் எதுவாக இருந்தாலும், அதற்கான கணக்கு இதுதான்.

வீட்டுக்கு முன்னுரிமை... வீடே இல்லாதவருக்கு?

தட்டுப்பாடு வந்தால் எந்த அரசும் முதலில் வீட்டு சிலிண்டரைக் காப்பாற்றி, 19 கிலோ வணிக சிலிண்டரைக் குறைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தாம்பரம் வட்டாரத்தில் இது யார் வயிற்றில் அடிக்கும் என்று பாருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்கள், தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண்கள், கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கும் பயணிகள், மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் நோயாளியின் உறவினர்கள். இவர்களுக்கு டிபன் கடையும் மெஸ்ஸும் ஹாஸ்டல் சமையலறையும்தான் வீட்டு அடுப்பு.

சிறு கடைக்காரரால் முன்கூட்டியே சேர்த்து வைக்கவும் முடியாது. உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ எல்.பி.ஜி.க்கு மேல் வைக்கக் கூடாது என்பது விதி. அதாவது அதிகபட்சம் ஐந்து வணிக சிலிண்டர். காலை இட்லி, மதியச் சாப்பாடு, இரவு பரோட்டா என்று நாளுக்கு ஒன்றோ இரண்டோ காலி செய்யும் கடைக்கு அது ஒரு வாரம்கூட வராது. அப்போது என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: வீட்டு சிலிண்டர் கூடுதல் விலைக்குக் கடைக்குள் நுழையும். அது குற்றம், ஆனால், பசி இருக்கும் இடத்தில் கள்ளச்சந்தை கடை விரிக்கும். வணிக சிலிண்டரை முற்றிலும் நிறுத்தாமல், ஒரு பகுதிக்கு எத்தனை மெஸ், எத்தனை டிபன் கடை கட்டாயம் இயங்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதே கள்ளச்சந்தைக்குச் சரியான பூட்டு.

மாநகராட்சியின் அம்மா உணவகங்களும் பள்ளிகளின் காலை உணவுத் திட்டச் சமையலறைகளும் இந்த நேரத்தில் கைகொடுக்கக் கூடியவை. 2015 வெள்ளத்திலும் கொரோனா ஊரடங்கிலும் அம்மா உணவகங்கள் அதைச் செய்து காட்டியவை. ஆனால், அவையும் எரிவாயுவில்தான் சமைக்கின்றன. அவற்றுக்குத் தனி இருப்பு ஒதுக்காவிட்டால், கைகொடுக்க வேண்டியவையே முதலில் கைவிரிக்கும்.

இண்டக்‌ஷன் இருக்கே!

எரிவாயு இல்லாவிட்டால் என்ன, இண்டக்‌ஷன் ஸ்டவ் இருக்கிறதே என்று பலரும் சொல்வார்கள். ஒரு வீட்டுக்கு அது சரியான பதில். ஒரு தெருவுக்கு அது புதிய கேள்வி. ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 2,000 வாட் இழுக்கும். காலை ஏழு மணிக்கு 50 வீடுகள் ஒன்றாகப் போட்டால் 100 கிலோவாட். தெருமுனையில் நிற்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், மோட்டாரும் கீசரும் மின்விசிறியும் ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கும் நேரத்தில், அதைத் தாங்காது. ஃபியூஸ் போனால் எரிவாயுவோடு மின்சாரமும் போகும். வீட்டு இன்வெர்ட்டரால் இதை ஓட்ட முடியாது. அலுமினிய குக்கரும் பழைய இட்லிப் பானையும் அதில் சூடே ஆகாது. ஒரு சிலிண்டரின் வேலையை மின்சாரத்தில் செய்தால் நூறு யூனிட்டுக்கு மேல் ஓடும் என்பதால், இரண்டு மாதத்துக்கான 100 யூனிட் இலவசமும் அதிலேயே கரைந்துவிடும்.

மண்ணெண்ணெய்? ரேஷன் ஒதுக்கீடு ஆண்டுக்காண்டு சுருங்கிவிட்டது. பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் பரணில்கூட இல்லை. விறகு மாடி வீட்டுக்கு ஆகாது. ஆக, மின்சாரமே ஒரே மாற்று என்றால், தெரு தெருவாக நேரம் பிரித்துச் சமைக்கச் சொல்ல முடியுமா, எந்த டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தாங்கும் என்பதை மின்வாரியப் பொறியாளர் இப்போதே சொல்லிவிட வேண்டும். பதில் சொல்ல அவரிடம் கணக்கு இருக்கும். கேட்க ஒரு மேசை வேண்டும்.

ஒரு சனிக்கிழமை போதும்

அந்த மேசைதான் ஒத்திகை. இதற்குச் சங்கும் தீயணைப்பு வண்டியும் வேண்டாம். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் ஒரு சனிக்கிழமை காலை போதும். மாவட்ட வழங்கல் அலுவலகம், எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை அதிகாரிகள், ஏஜென்சிக்காரர்கள், மின்வாரியம், காவல் துறை, அரசு மருத்துவமனை, ஹோட்டல் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கங்கள் எல்லோரும் உட்கார வேண்டும். முன்னால் ஒரு கற்பனை நிலவரம்: இன்று முதல் ஏழு நாள் டேங்கர் வராது, மூன்றாம் நாள் கனமழை, நான்காம் நாள் மின்தடை. பிறகு கேள்விகள்.

ஒற்றை சிலிண்டர் வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலை ஏஜென்சியின் கணினியிலிருந்து எத்தனை மணி நேரத்தில் எடுக்க முடியும்? அந்த வரிசைப்படியே போடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? மருத்துவமனை, முதியோர் இல்லம், ஹாஸ்டல், தகன மேடை, பள்ளிச் சமையலறை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை சிலிண்டர் வேண்டும்? சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் குடோனிலிருந்து வண்டி எந்த வழியாக வரும்? குடோனே தாழ்வான இடத்தில் இருக்கிறதா? 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர், நிரப்பிய பிறகும் மொத்த எடை 30 கிலோ அளவுதான். ஆகவே வெள்ளம் புகுந்தால் நிரம்பிய சிலிண்டரும் மிதந்து போகும். வாட்ஸ்அப் வதந்திக்கு முன்னால், எத்தனை நாள் இருப்பு இருக்கிறது என்று தினமும் மாலை மக்களிடம் உண்மையைச் சொல்லப்போகும் ஒரே குரல் யாருடையது?

பதில் தெரியாத கேள்வி எத்தனை என்று எண்ணிக்கொண்டு எழுந்தாலே ஒத்திகை வெற்றி. அந்த எண்ணை ஒளிக்காமல் வெளியிட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் உட்கார்ந்து, எத்தனை குறைந்தது என்று பார்க்க வேண்டும். 2025 மே 7இல் ‘ஆபரேஷன் அப்யாஸ்’ என்று கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடத்திக் காட்டிய நிர்வாகத்துக்கு இது பெரிய காரியமே இல்லை.

வீட்டிலும் செய்து பாருங்கள்

▪ ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெகுலேட்டரை மூடிவிட்டு மூன்று வேளையும் சமாளித்துப் பாருங்கள். எந்தப் பாத்திரம் மின் அடுப்புக்கு ஒத்துவரவில்லை, எந்த பிளக் பாயிண்ட் சூடாகிறது என்பது அன்றே தெரியும்.

▪ சிலிண்டர் மாட்டும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒன்று எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்தால் பதற்றத்தில் புக் செய்ய மாட்டீர்கள்.

▪ ஒற்றை சிலிண்டர் என்றால், இரண்டாவதற்கு இப்போதே ஏஜென்சியில் விண்ணப்பியுங்கள். இரண்டுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நிரப்புவது உயிருக்கு ஆபத்து.

▪ அவல், பொரி, சத்துமாவு என்று அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியவை இரண்டு நாளுக்கு இருக்கட்டும். கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும் வீட்டில் வெந்நீருக்கு மின்கெட்டிலும் ஃபிளாஸ்கும் அவசியம்.

▪ மழை எச்சரிக்கை வந்தால் வால்வை மூடி, சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டிவிடுங்கள். கசிவு என்றால் 1906.

▪ உங்கள் கட்டடத்தில் ஒற்றை சிலிண்டர் வீடு எது, தனியாக இருக்கும் முதியவர் யார் என்று தெரிந்து வையுங்கள். ஒரு தளத்துக்கு ஒரு பொது அடுப்பு என்று மூட்டினால், ஒரு சிலிண்டர் நான்கு குடும்பத்துக்கு உதவும்.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். அஸ்தினாபுரத்தில் தொடங்கட்டும். மன்றத்தில் ஒரு தீர்மானம், ஏஜென்சிகளிடமிருந்து ஒரு பட்டியல், அதிகாரிகளின் ஒரு சனிக்கிழமை காலை, செலவு இவ்வளவே. கவுன்சிலர்கள் கேட்காவிட்டால் குடியிருப்போர் நலச் சங்கங்கள் எழுத்தில் கேட்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இந்தக் கூட்டம் நடந்தாக வேண்டும்.